ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு லினக்ஸ்

சாங்கி விமான நிலையத்திலிருந்து 2007ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் சிட்னிக்குப் புறப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், ஏர்பஸ் ஏ380 வகையில் வணிகச் சேவையாகப் பயணிகளை ஏற்றிச் சென்ற முதலாவது என்பதால் உலகெங்கும் செய்தியானது. ஆனால் அதன் 471 இருக்கைகளிலும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினி இருந்ததும், திரைப்படம், இசை, விளையாட்டு ஆகியவற்றோடு ஸ்டார்ஆபிஸ் என்னும் அலுவலக மென்பொருளும் அதில் தரப்பட்டிருந்ததும் கணினித் துறையினர் மட்டுமே கவனித்த செய்தியாக நின்றுவிட்டன. இயங்குதளம் என்பது கணினியின் வன்பொருளுக்கும் அதில் ஓடும் நிரல்களுக்கும் நடுவில் நின்று, நினைவகம், திரை, சேமிப்பகம், வலையிணைப்பு ஆகியவற்றைப் பங்கிட்டுத் தரும் அடிப்படை மென்பொருள். வீட்டுக் கணினியில் அதை நிறுவுபவர் திரையில் வரும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக விடை சொல்லிக்கொண்டே போகலாம்; நூற்றுக்கணக்கான இருக்கைகளில் அப்படி உட்கார்ந்து நிறுவுவது ஆகாத காரியம். ஆகவே தேவையானவை அனைத்தையும் உள்ளடக்கி, மின்சாரம் வந்தவுடன் எழுந்து வேலையைத் தொடங்கும் நிலையில் ஒரே கோப்பாக முன்கூட்டியே கட்டி, அதைக் கருவிகளில் அப்படியே பதித்துவிடுகிறார்கள். இந்தக் கோப்பே படிமம். துறையினர் பேச்சில் இமேஜ்.

படிமத்துக்குள் அடுக்கடுக்காகச் சில பகுதிகள் உள்ளன. சில்லு விழித்ததும் முதலில் ஓடி நினைவகத்தைத் தயார்செய்யும் துவக்க நிரல், அது ஏற்றிவிடும், கெர்னல் எனப்படும் கருனி, கருனிக்கு மேலே எல்லா நிரல்களுக்கும் பொதுவான நிரலகங்கள், கடைசியாகப் பயனர் காணும் நிரல்கள். லினக்ஸ் என்ற பெயர் கண்டிப்பாகச் சொன்னால் நடுவிலுள்ள கருனிக்கு மட்டுமே உரியது. மற்றவை வெவ்வேறு திட்டங்களிலிருந்து வந்து சேர்பவை. எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்ற முடிவு படிமத்தைக் கட்டுபவருடையது. உண்மையில் அவருடைய உழைப்பில் பெரும்பகுதி விடுவதில்தான் கழிகிறது: அச்சுப்பொறி இணைக்க வழியே இல்லாத கருவியில் அச்சுப்பொறிக்கான இயக்கிகள் இடத்தை அடைப்பதோடு, பாதுகாப்பு ஓட்டைகளுக்கும் வாசலாகின்றன.

சில்லுக்குச் சில்லு படிமம் மாறுவது ஏன் என்பதை அறிய, நிரல் கோப்பு ஒன்றின் முதல் சில பைட்டுகளைப் பார்த்தாலே போதும். மனிதர் எழுதும் மூலநிரலைச் சில்லு நேரடியாகப் புரிந்துகொள்வதில்லை; தொகுப்பி என்னும் நிரல் அதை எண்களாலான கட்டளை வரிசையாக மாற்றித் தருகிறது. இந்த எண்கள் இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கு ஒரு விதம், கைப்பேசிகளில் உள்ள ஆர்ம் சில்லுகளுக்கு இன்னொரு விதம், பழைய வைஃபை ரவுட்டர்களின் மிப்ஸ் சில்லுகளுக்கு வேறொரு விதம். லினக்ஸில் ஓடும் இத்தகைய கோப்பு 127, 69, 76, 70 என்ற நான்கு எண்களோடு தொடங்குகிறது. 19ஆம் 20ஆம் பைட்டுகளில் அது எந்தச் சில்லுக் குடும்பத்துக்கு உரியது என்ற எண் பதிவாகியிருக்கும். 62 என்றால் இன்றைய மேசைக் கணினிகளின் 64 பிட் எக்ஸ்86, 40 என்றால் 32 பிட் ஆர்ம், 183 என்றால் 64 பிட் ஆர்ம், 8 என்றால் மிப்ஸ், 243 என்றால் ரிஸ்க்-ஃபைவ். கருனி ஒரு நிரலை ஓடவிடுமுன் இந்த எண்ணைப் பார்க்கிறது. தன் சில்லுக்குரியதாக இல்லையெனில் ஏற்க மறுக்கிறது. ஆனால் எண் பொருந்திவிட்டால் நிரல் ஓடிவிடும் என்று நம்பியவர்கள் பலர் பின்னர் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே குடும்பத்துச் சில்லுகளுக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு என்பதற்குச் சிங்கப்பூரின் செயற்கைக்கோள் ஒன்று நல்ல சான்று.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தற்காப்பு ஆய்வு நிறுவனமான டிஎஸ்ஓவும் சேர்ந்து உருவாக்கிய எக்ஸ்-சாட், சிங்கப்பூரிலேயே கட்டப்பட்ட முதல் செயற்கைக்கோள். சுமார் 106 கிலோ எடையுள்ள அது, 2011 ஏப்ரல் 20 அன்று சென்னைக்கு வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி16 ஏவூர்தியில், இந்தியாவின் ரிசோர்ஸ்சாட்-2, யூத்சாட் ஆகியவற்றோடு விண்ணுக்குச் சென்றது. பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோளுக்குப் பெரிய நெருக்கடி, எடுத்த படங்களைத் தரைக்கு அனுப்பக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளிலோ படங்களில் பல மேகத்தையே காட்டும். மேகத்தைத் தரைக்கு அனுப்பி நேரத்தை வீணாக்குவதைவிட, படங்களை மேலேயே ஆராய்ந்து பயனுள்ளவற்றை மட்டும் அனுப்புவது மேல். அதற்காக 20 ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-1110 சில்லுகளை ஒன்றோடொன்று இணைத்து, அவற்றில் லினக்ஸை ஓடவிடும் இணைக்கணிப்பு அலகு ஒன்றை நன்யாங் ஆய்வாளர்கள் வடிவமைத்தனர். மலிவான பல கணினிகளைக் கூட்டிப் பெருங்கணக்குகளைச் செய்யும் முறைக்கு, 1994இல் நாசாவில் தொடங்கிய ஒரு திட்டத்தின் பெயரால் பியோவுல்ஃப் தொகுதி என்று பெயர். நன்யாங் ஆய்வாளர்கள் தங்கள் அலகை விண்வெளியின் முதல் பியோவுல்ஃப் தொகுதி என்றே 2005இல் அறிமுகப்படுத்தினர். விண்வெளிக்கென்றே தயாராகும் கதிர்வீச்சுத் தாங்கும் சில்லுகள் விலை மிகுந்தவை, வேகம் குறைந்தவை. சந்தையில் கிடைக்கும் சாதாரணச் சில்லுகள் இருபதை வைத்துக்கொண்டால், கதிர்வீச்சால் ஒன்றிரண்டு தடுமாறினாலும் மற்றவை வேலையைத் தொடரும்.

இதே ஸ்ட்ராங்ஆர்ம் சில்லுதான் 2001இல் பெங்களூரில் அறிமுகமான சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணினியிலும் இருந்தது. அதுவும் லினக்ஸில்தான் ஓடியது. கிராமத்து மக்களின் கைக்கென்று எண்ணப்பட்ட கருவியும் விண்வெளிக்கென்று எண்ணப்பட்ட கருவியும் ஒரே சில்லை, ஒரே கருனியைப் பகிர்ந்துகொண்டபோதிலும், இரண்டின் படிமங்களும் ஒன்றுக்கொன்று உதவாதவை. சிம்ப்யூட்டரின் படிமத்தில் தொடுதிரை, எழுத்துருக்கள், பேச்சொலி ஆகியவற்றுக்கு இடம் வேண்டும். செயற்கைக்கோளின் படிமத்தில் திரை என்ற பேச்சுக்கே இடமில்லை.

எஸ்ஏ-1110 சில்லுக்கு ஒரு குறை உண்டு. 3.14 போன்ற தசம எண்களைக் கூட்டவும் பெருக்கவும் பெரும்பாலான நவீனச் சில்லுகளில் தனிச் சுற்று இருக்கும். மிதவைப்புள்ளி அலகு எனப்படும் அச்சுற்று இதில் இல்லை. படச் செயலாக்கமோ தசம எண் கணக்குகளால் நிறைந்தது. படிமம் கட்டுபவர் முன் அப்போது மூன்று வழிகள் இருந்தன. தசமக் கட்டளைகளை நிரலில் அப்படியே விட்டுவிடலாம். ஒவ்வொரு கட்டளையிலும் சில்லு தடுக்கி விழ, கருனி அதைத் தூக்கிப் பிடித்து முழு எண்களைக் கொண்டு விடை கண்டு தரும். இது மிக மெதுவான வழி. கணக்குகளை நிரலகத்தின் துணைச்செயல்களுக்கு அனுப்புமாறு தொகுப்பியிடமே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். இது அதைவிட விரைவு. அல்லது கணக்கையே முழு எண்களில் மாற்றி எழுதலாம். இது மிக விரைவு, ஆனால் எழுதுபவருக்குத்தான் பாடு. இவற்றில் இரண்டாம் வழியைத் தேர்ந்தால், படிமத்திலுள்ள ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு நிரலகமும் அதே ஏற்பாட்டில் தொகுக்கப்பட்டிருக்க வேண்டும். கலந்துவிட்டால் நிரல் இணைய மறுக்கும், சில வேளைகளில் இணைந்து தவறான விடையைத் தரும். பின்னது முன்னதைவிட மோசம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சாதாரணக் கணினிகளிலும் இதே சிக்கல் தலைகாட்டியது. 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை என்னும் மலிவுவிலைக் கணினிப் பலகையில் மிதவைப்புள்ளி அலகு இருந்தது. ஆனால் டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கல் அப்போது ஆர்ம் சில்லுகளுக்கு வழங்கிய இரண்டு பதிப்புகளில் ஒன்று அந்த அலகைச் சரிவரப் பயன்படுத்தவில்லை, மற்றது ராஸ்பெரி பையின் சில்லுக்குத் தெரியாத புதிய கட்டளைகளைப் பயன்படுத்தியது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட அந்தச் சில்லுக்காக, மைக் தாம்ப்சன், பீட்டர் கிரீன் ஆகிய தன்னார்வலர்கள் டெபியனின் ஆயிரக்கணக்கான மென்பொருள்களை முதலிலிருந்து மீண்டும் தொகுத்து ராஸ்பியன் என்ற பதிப்பை அதே ஆண்டில் வெளியிட்டனர். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகும் தொலைவில், ஜாலான் புசார் சாலையில் உள்ள சிம் லிம் டவரின் மின்னணு உதிரிபாகக் கடைகள் போன்ற இடங்களில் இத்தகைய பலகையை வாங்கி, படிமத்தை நினைவக அட்டையில் எழுதிச் செருகி, சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கும் மாணவருக்கு, அந்தப் படிமத்துக்குப் பின்னால் இவ்வளவு மறுதொகுப்பு உழைப்பு இருந்தது தெரிய வாய்ப்பில்லை.

மறுதொகுப்பு என்பது பெரும்பாலும் குறுக்குத் தொகுப்பு. வலுக்குறைந்த சிறு சில்லில் நிரல்களைத் தொகுப்பதற்கு நாட்கணக்கில் ஆகும் என்பதால், வலிமையான எக்ஸ்86 கணினியில் உட்கார்ந்துகொண்டு ஆர்ம் சில்லுக்கான கட்டளைகளை உருவாக்கும் தொகுப்பியைப் பயன்படுத்துகிறார்கள். கேட்க எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் ஒரு பொறி உண்டு. பழைய மென்பொருள்கள் பல, தொகுக்கத் தொடங்குமுன் சிறு சோதனை நிரல்களை உருவாக்கி, அங்கேயே ஓட்டிப் பார்த்து, கணினியின் இயல்பைத் தெரிந்துகொள்கின்றன. குறுக்குத் தொகுப்பில் உருவாகும் சோதனை நிரல் வேறு சில்லுக்குரியது. கட்டும் கணினியில் அது ஓடாது. சோதனை தோற்று நின்றுவிட்டால் நல்லது. கட்டும் கணினியின் சொந்த நிரலகத்தையோ தலைப்புக் கோப்பையோ தவறுதலாக எடுத்துக்கொண்டு அது ஓசையின்றித் தொடர்ந்துவிட்டால், பிழை பல வாரங்கள் கழித்துக் கருவியில்தான் வெளிப்படும்.

இந்தப் பொறிகளிலிருந்து காக்கவே பில்ட்ரூட், யோக்டோ போன்ற கட்டுமானத் தொகுதிகள் தோன்றின. முன்னது 2001 முதல் வளர்ந்துவருவது, சிறியது, ஓரிரு நாட்களில் கற்றுக்கொள்ளக்கூடியது. லினக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் 2010இல் அறிவிக்கப்பட்ட யோக்டோவில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ரெசிப்பி எனப்படும் குறிப்புக் கோப்பு ஒன்று உண்டு; மூலநிரலை எங்கிருந்து பெறுவது, எந்தத் திருத்தங்களைப் போடுவது, எப்படித் தொகுப்பது, எங்கே வைப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். குறிப்புகள் அடுக்குகளாகத் தொகுக்கப்பட்டிருப்பதால், சில்லைப் பற்றிய அடுக்கை மாற்றிவிட்டு மற்றவற்றைத் தொடாமலே வேறு சில்லுக்கான படிமத்தைப் பெறலாம் என்பது அதன் பெருமை. முதல்முறை கட்டுவதற்குப் பல மணி நேரமும் நூறு கிகாபைட்டை ஒட்டிய வட்டு இடமும் கேட்பது அதன் சிறுமை. மூன்றாவது வழி, டெபியன் போன்ற திட்டங்கள் ஏற்கெனவே தொகுத்து வைத்துள்ளவற்றை எடுத்து அடுக்கிப் படிமமாக்குவது. இடையில் வேற்றுச் சில்லின் நிரல் ஏதாவது ஓட வேண்டியிருந்தால், ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட க்யூஎமு என்னும் போலியாக்க நிரல் அதன் கட்டளைகளை மொழிபெயர்த்து ஓட்டிவிடும். ஒரு பள்ளிக்கோ சிறு நிறுவனத்துக்கோ பத்துப் பலகைகள் வேண்டுமென்றால் மூன்றாவது வழியே போதும். யோக்டோவை அங்கே இழுத்துவருவது வீண் ஆடம்பரம். ஆயிரக்கணக்கில் விற்று, பத்தாண்டு ஆதரவு தருவதாக வாக்களிக்கும் நிறுவனத்துக்கோ யோக்டோவின் கெடுபிடிகள் பின்னாளில் கைகொடுக்கும்.

நிரல்கள் சில்லுக்குப் பொருந்திவிட்ட பிறகும் பலகை என்ற ஒன்று மிஞ்சியிருக்கிறது. மேசைக் கணினியில் எந்தெந்த வன்பொருள் இணைந்துள்ளது என்பதை அதன் அடிநிலை மென்பொருள் இயங்குதளத்துக்குச் சொல்லிவிடும். ஆர்ம் பலகைகள் பலவற்றில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. விளக்கு எந்த முனையில், வெப்பமானி எந்தக் கம்பியில் என்பதெல்லாம் முன்பு பலகைக்குப் பலகை கருனியின் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் 2011 மார்ச்சில் இந்த ஒழுங்கின்மையைக் கடுமையாகச் சாடியபின், டிவைஸ் ட்ரீ என்னும் முறை ஆர்ம் உலகில் விரைவாகப் பரவியது. பலகையின் வன்பொருள் விவரம் முழுவதும் தனிக் கோப்பில் எழுதப்பட்டு, துவக்க நிரலின் வழியாகக் கருனியிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஒரே கருனி பல பலகைகளில் ஓட முடிவது இதனால்தான். அக்கோப்பில் ஓர் எண் பிசகினாலும் திரை இருண்டே கிடக்கும் என்பதால், புதிய பலகைக்குப் படிமம் கட்டுபவர்களின் நேரத்தைப் பெரிதும் தின்பது இதுவே.

தமிழருக்குரிய ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். படிமத்தைச் சுருக்கும்போது முதலில் கழித்துக்கட்டப்படுபவற்றில் எழுத்துருக்களும் மொழி விவரங்களும் அடங்கும். தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் கட்டங்கள் தோன்றும். எழுத்துரு இருந்தும் எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் ஹார்ஃப்பஸ் போன்ற நிரலகம் விடுபட்டால், ‘கொ’ என்பதன் கொம்பு ககரத்துக்கு முன்னே வராமல் பின்னே போய் நிற்கும். நாணயக் குறி, நாள், எண் ஆகியவற்றை எப்படி எழுதுவது என்பதைச் சொல்லும் வட்டார விவரக் கோப்புகளிலும் ஒரு வேடிக்கை உண்டு. லினக்ஸின் முதன்மை நிரலகமான ஜிலிப்சி, சிங்கப்பூர் ஆங்கிலத்துக்கும் சிங்கப்பூர்ச் சீனத்துக்கும் நெடுங்காலமாகத் தனிக் கோப்புகள் வைத்திருக்கிறது. தமிழுக்கு வைத்திருப்பவை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியவை. இந்தியக் கோப்பை எடுத்துப் போட்டால் பணம் ரூபாயில் காட்டப்படும், பெரிய எண்களுக்கு லட்சக் கணக்கில் காற்புள்ளி விழும். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள நாட்டில், நா. கோவிந்தசாமி கணியன் என்னும் தமிழ் மென்பொருளைப் படைத்த ஊரில், தமிழ்க் கணிமைக்கான உத்தமம் அமைப்பு 2000இல் தோன்றிய ஊரில், இப்படி ஒரு சிறு கோப்பு பொதுவழக்கில் இல்லாதிருப்பது வியப்புக்குரியது. படிமம் கட்டுபவர் அதைத் தாமே எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு நாள் வேலைகூட இல்லை.

கட்டிய படிமத்தை யார் காப்பது என்ற கேள்வியே இத்துறையில் கனமானது. லிங்க்சிஸ் நிறுவனம் 2002 இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்த டபிள்யூஆர்டி54ஜி என்னும் ரவுட்டரின் மிப்ஸ் சில்லில் லினக்ஸ் ஓடுவதைப் பயனர்கள் கண்டறிந்தனர். லினக்ஸின் உரிமம் மூலநிரலைத் தரக் கட்டாயப்படுத்துவதால் நிறுவனம் 2003இல் அதை வெளியிட்டது. அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் தன்னார்வத் திட்டம் பிறந்தது. அந்தக் கருவியின் நிலைநினைவகம் 4 மெகாபைட் மட்டுமே; கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தின் அளவுக்குள் ஓர் இயங்குதளம் முழுவதையும் அடக்க வேண்டியிருந்தது. அந்த உரிமம் மூலநிரலோடு, தொகுப்பதையும் நிறுவுவதையும் கட்டுப்படுத்தும் கட்டளைக் கோப்புகளையும் சேர்த்தே கேட்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. கேட்பது நியாயமே: கட்டும் முறை தெரியாத மூலநிரலைக் கொண்டு பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைத்துப் புதிய படிமம் வெளியிட முடியாது.

ரவுட்டர்களைப் பொறுத்தவரை, பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவதைச் சிங்கப்பூர் கட்டாயமாகவே ஆக்கியுள்ளது. இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 அக்டோபரில் தொடங்கிய முத்திரைத் திட்டம், வீட்டில் பயன்படும் வலையிணைப்புக் கருவிகளை நான்கு நிலைகளில் தரம்பிரிக்கிறது. 2021 ஏப்ரல் 13 முதல் நாட்டில் விற்கப்படும் வைஃபை ரவுட்டர்களுக்கு முதல் நிலையாவது கட்டாயமாயிற்று. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லைப் பதித்து அனுப்பக் கூடாது, மென்பொருள் புதுப்பிப்பு தரப்பட வேண்டும் என்பவை முதல் நிலையின் நிபந்தனைகளுள் சில. மூன்றாம் நிலையில் கருவியின் படிமத்தையே பிரித்து ஆராய்கிறார்கள். ஒரே படிமத்தை ஆயிரம் கருவிகளில் பதிப்பது எளிது; ஆயிரத்திலும் கடவுச்சொல் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்றால், முதல்முறை விழிக்கும்போது கருவி தன் தனி விவரத்தைப் படித்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் படிமத்துக்குள் வைத்தாக வேண்டும். ஆபத்து வீட்டுக் கருவிகளோடு நிற்பதில்லை. சாங்கி வர்த்தகப் பூங்காவை ஒட்டிய சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தின் ஐடிரஸ்ட் மையம், நீர்சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் சிறு மாதிரியை 2015 முதல் வைத்து, அதன் கட்டுப்பாட்டுக் கணினிகள் தாக்கப்பட்டால் என்ன நேரும் என்பதை ஆராய்ந்துவருகிறது. ஒருமுறை பொருத்தியபின் பல ஆண்டுகள் யாரும் தொடாத சிறு கணினிகளே தாக்குபவர்களுக்கு வசதியானவை.

சில்லுகளோ வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கின்றன. 1991இல் லினக்ஸ் எழுதப்பட்டது இன்டெல் 386 சில்லுக்காக; அந்தச் சில்லுக்கான ஆதரவே 2013இல் வெளிவந்த 3.8 பதிப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. புதிதாக வந்திருப்பது, கட்டளைத் தொகுதியை யாரும் உரிமத் தொகையின்றிப் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ். சென்னை ஐஐடியின் சக்தி திட்டம் இந்த அடிப்படையில் வடிவமைத்த சில்லு 2018இல் லினக்ஸை இயக்கிக் காட்டியது. டெபியன் ரிஸ்க்-ஃபைவுக்கு அதிகாரபூர்வ ஆதரவு அளித்ததோ 2025 ஆகஸ்டில் வெளியான 13ஆம் பதிப்பில்தான். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் இத்தகைய சில்லுகளை வைத்திருந்தோரில் பலர் தமக்கான படிமத்தைத் தாமே கட்டினர், அல்லது தன்னார்வலர்கள் கட்டிய சோதனைப் பதிப்புகளை நம்பினர். ரிஸ்க்-ஃபைவிலும் மிதவைப்புள்ளி அலகு கட்டாயமன்று. சில்லு செய்பவர் விரும்பினால் சேர்க்கலாம் என்ற கூடுதல் பகுதிகளுள் அதுவும் ஒன்று. உபுண்டு என்னும் லினக்ஸ் வழங்கலின் 2025 அக்டோபரில் வெளியான 25.10 பதிப்பு, இக்கூடுதல் பகுதிகளில் மிகப் பலவற்றைக் கட்டாயமாக்கியதால், அப்போது மக்கள் கையிலிருந்த ரிஸ்க்-ஃபைவ் பலகைகளில் பெரும்பாலானவை அதை இயக்க முடியாமல் போயின. எண் 243 என்னவோ பொருந்தத்தான் செய்கிறது. அப்பலகைகளை வைத்திருப்போர் பழைய 24.04 பதிப்பிலேயே தங்கியிருக்கலாம், அல்லது பில்ட்ரூட்டை இறக்கி, தம் சில்லில் உள்ள பகுதிகளை ஒவ்வொன்றாகக் குறித்து, தமக்குரிய படிமத்தைக் கட்டத் தொடங்கலாம்.